நாலு மணிக் கொலை

அத்தியாயம் 5

“ஒரே ஆளை ஒரே வாரத்துல மூணு தடவை கொல்ல முடியுமா?”

தன் கம்பெனி ஆபீஸில் முதலாளி பழனியப்பன் கேட்ட கேள்விக்கு நவமணி வாயைத் திறப்பதற்குள் அவளுடைய உதவியாளன் பத்துமலை முந்திக்கொண்டான்.

“ஏன் முடியாது? எங்க மாமியாரு என்னைப் பார்வையாலயே தெனம் மூணு வேளை கொல்றாங்க. பழகிட்டா ஈசிலா.”

நவமணி மேசைக்கு அடியில் அவன் காலை மிதித்தாள். ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அவள். பட்டத்தோடு ஈப்போவுக்குத் திரும்பியபோது ஊர் அவளுக்காக இரண்டு வேலைகளை எடுத்து வைத்திருந்தது: டைப் அடிப்பது, கல்யாணம் கட்டிக்கொள்வது. இரண்டிலும் எவனோ ஒருவன் சொல்வதற்கு மறுபேச்சுப் பேசக்கூடாது. ஆகவே மூன்றாவதாக ஒரு வேலையைத் தானே உண்டாக்கிக்கொண்டு, முகம்மது கௌஸின் சாப்பாட்டுக் கடை மாடியில் ‘துப்பறியும் நிலையம்’ என்று பலகை மாட்டிவிட்டாள். பத்துமலை டாக்சிக்காரன். சவாரி வராத நேரத்தில் துப்பறிவான். சவாரி பெரும்பாலும் வராது.

“செத்தது யாரு?” என்றாள் நவமணி.

“தெலுக் இந்தான் சன்னாசி, லூமுட் லியோங், லகாட் ஹுசைன். திங்கக்கிழமை செத்தாங்க, செவ்வாக்கிழமை செத்தாங்க, நேத்தும் செத்தாங்க.”

“இப்ப எங்க இருக்காங்க?”

“வேலையிலதான். சம்பளம் குடுக்கிறேனே!”

பழனியப்பன் அரை மணி நேரம் சொன்னதில் விஷயம் இவ்வளவுதான். தோட்டமெல்லாம் ரப்பரை வெட்டித் தள்ளிவிட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறியபோது கொழுத்த கம்பெனி அவருடையது. குலையை வாங்கி ஆலைக்கு அனுப்புவது தொழில். தெலுக் இந்தான், லூமுட், லகாட் என்று மூன்று ஊரில் கிளைகள், ஒவ்வொன்றிலும் ஓர் எடைமேடை, எடைமேடைக்குப் பக்கத்தில் ஒரு கணினி. அந்த மூன்றும் டெலிபோன் கம்பி வழியாக ஈப்போ தலைமை ஆபீஸில் உள்ள கணினியோடு பேசும். லோரியின் எடையை அங்கே அடித்தால் இங்கே வந்து விழும்.

தெலுக் இந்தானுக்கு லோரிகள் காலையிலேயே வந்து தீர்ந்துவிடும். அதனால் நாலு மணிக்கு அந்த ஒரு கிளையின் இணைப்பை மட்டும் ஈப்போவிலிருந்து துண்டிப்பார்கள். லூமுட்டும் லகாட்டும் பொழுது சாயும் வரை ஓட வேண்டும். ஆனால் புதுப் புரோகிராம் போட்ட இந்த ஒரு மாதமாக, நாலு மணி அடித்தால் மூன்றும் ஒன்றாகப் படுத்துவிடுகின்றன. பாதி அடித்த எடையெல்லாம் காற்றோடு போகிறது. லோரிகளை மறுபடி நிறுக்க வேண்டும். டிரைவர்கள் அம்மா அப்பாவை இழுத்து ஏசுகிறார்கள். குலை வெயிலில் கனிந்து ஒழுகுகிறது.

போதாததற்கு, இணைப்பு அறுந்ததும் அந்தந்தத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி மின்னும்: ‘லியோங் கொல்லப்பட்டார்.’ அதுவும் பச்சை எழுத்தில்.

லூமுட் மிஸ் லியோங் முதல் நாள் அழுதாள். இரண்டாம் நாள் அவள் அம்மா வந்து கணினிக்கு முன்னால் ஊதுவத்தி கொளுத்தினாள். மூன்றாம் நாளிலிருந்து மிஸ் லியோங் நாலு மணிக்கு எழுந்து வாசலில் போய் நின்றுகொள்கிறாள். செத்து முடிந்ததும் உள்ளே வந்து வேலை பார்க்கிறாள்.

“யாரு மேல சந்தேகம்?”

“சந்தேகமே இல்ல.” பழனியப்பன் சுவரோரம் கைகட்டி நின்ற பெண்ணை நோக்கி விரலை நீட்டினார். “இதோ, சாலிஹா. கம்ப்யூட்டர் படிச்சவ. இந்தப் புரோகிராமை எழுதினவளே இவதான். இவ ஆபரேட்டர் பக்கத்துல உக்காந்து பார்த்த நாள்லாம் ஒண்ணும் நடக்கல. எந்திரிச்சுப் போன நாள்லாம் மூணும் சாவுது. படிச்ச திமிரு! நாளைக்குக் காலையில வேலையை விட்டு நீக்கிட்டு, போலீசுக்குப் போன் போடப்போறேன்.”

“எல்லாம் முடிவாயிருச்சு. அப்புறம் எங்களை ஏன் கூப்பிட்டீங்க?”

“நானா கூப்பிட்டேன்? அவ கூப்பிட்டா!”

சாலிஹா மெல்லக் கையைத் தூக்கினாள். “நான்தான்க்கா. போலீஸ்னு பேரு அடிபட்டுட்டா இந்த ஊர்ல ஒருத்தனும் என்னைக் கம்ப்யூட்டர் பக்கமே விடமாட்டான். அத்தா கடையில கல்லாவுல உக்கார வச்சிருவாங்க.”

நவமணிக்குச் சுருக்கென்றது. படித்த பையன் தப்புச் செய்தால் அனுபவம் போதவில்லை என்பார்கள். படித்த பெண் தப்புச் செய்தால் திமிர். இந்த ராகத்தை அவள் நிறையக் கேட்டிருக்கிறாள்.

“ஆபரேட்டர் எங்க?”

பின் அறையில் நல்லம்மாள் இருந்தாள். நெற்றியில் ஐம்பது காசு அகலத்துக்குக் குங்குமம், தலையில் மல்லிகை, மஞ்சள் மணக்கும் தாலிக்கயிறு. விசைப்பலகையைப் பூத்தொடுப்பது போல இரண்டு விரலால் தட்டிக்கொண்டிருந்தாள்.

“நாலு மணிக்கு என்னக்கா செய்வீங்க?”

“தெலுக் இந்தானை நிப்பாட்டுவேன்.”

“எப்படி?”

“சாலிஹா பாப்பா சொல்லிக் குடுத்த மாதிரிதான். மேல கடைசிக் கட்டையை அமுக்கினா ‘கில்’னு வரும். பக்கத்துல ஆளு பேரை அடிக்கணும். எண்டர் தட்டணும்.”

“தட்டினீங்களா?”

“தட்டினேன்.”

“தெலுக் இந்தான் நின்னுச்சா?”

“ஒரு நாளும் நிக்காம இருந்ததில்ல.” நல்லம்மாள் தலை நிமிராமலே சொன்னாள்.

நவமணி திரும்பினாள். “கில்லா? இணைப்பைத் துண்டிக்க வேற வார்த்தையே கிடைக்கலையா?”

“எங்க யூனிவர்சிட்டியில அப்படித்தான்க்கா சொல்வோம்,” என்றாள் சாலிஹா.

“சரி, மெஷினுக்கு எதுக்கு ஆளு பேரு?”

“என் யோசனை!” பழனியப்பன் நெஞ்சை நிமிர்த்தினார். “ஒரு மெஷினு, ஒரு ஆளு, ஒரு பொறுப்பு. அங்க யாரு உக்கார்றானோ அவன் பேருதான் மெஷினுக்கு.”

“இன்னொண்ணு இருக்குக்கா,” என்றாள் சாலிஹா. “போன வாரம் சன்னாசி அண்ணன் பல்லு புடுங்கப் போயிட்டாரு. அவரு எடத்துல சின்னையான்னு ஒருத்தர் உக்காந்தாரு. அன்னைக்கும் எதுவும் சாகல.”

நவமணியின் கண்கள் விரிந்தன. சன்னாசி இருந்தால் சாவு. சன்னாசி இல்லையென்றால் சாவு இல்லை. இதற்குப் பட்டம் கூட வேண்டியதில்லையே!

“அண்ணே, வண்டியை எடுங்க. சாலிஹா, நீயும் வா. நாலு மணிக்குள்ள தெலுக் இந்தான்ல இருக்கணும்.”

“தெலுக் ஆன்சன்னு சொன்னாத்தான் என் வண்டிக்குப் புரியும் பாஸ்,” என்றான் பத்துமலை. “பேரு மாத்தினதை அதுக்கு யாரும் சொல்லல.”

கம்பார் தாண்டியதும் மழை கொட்டியது. கண்ணாடியில் சாலையே தெரியவில்லை. பத்துமலை ஒரு கையால் பனங்கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டிருந்தான். பொறுக்க முடியாமல் நவமணியே கையை நீட்டி வைப்பர் விசையை இழுத்தாள்.

‘பாம்ம்ம்!’ என்று ஹாரன் அலறியது. முன்னால் போன சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்து, தன் பரம்பரைக்கே தெரிந்த கெட்ட வார்த்தையைச் சொன்னார்.

“ஐயோ பாஸ், வைப்பருக்கு சிகரெட் லைட்டரை அமுக்கணும்.” அமுக்கினான். வைப்பர் ஆடியது. “சிக்னல் போட்டா உள்ளே லைட்டு எரியும். உள் லைட்டைப் போட்டா ரேடியோ பாடும். நானே வயரு மாத்தினது.”

பின் சீட்டில் சாலிஹா சிரித்துவிட்டாள். “அதை எழுதி ஒட்டக்கூடாதாண்ணே? வேற யாராவது ஓட்டினா செத்தாங்க!”

“எதுக்கு ஒட்டணும்? எனக்குத்தான் தெரியுமே!”

நவமணி சிரிக்கவில்லை. “சாலிஹா, நீ நல்லம்மாக்கா பக்கத்துல உக்காந்து பார்த்தியே, ஒண்ணுமே கண்ணுல படலையா?”

“ஒண்ணும் இல்லக்கா. அவங்க பாவம். ஒரு நாளு கண்ணாடியை மறந்துட்டேன், அந்தப் பேரை மட்டும் நீ அடிச்சிரு பாப்பான்னாங்க. அடிச்சேன். அடுத்த நாளு விரல் சுளுக்குன்னாங்க. அதுக்கு அடுத்த நாளு கண்ணுல தூசி.”

“வயசானா அப்படித்தான்,” என்றான் பத்துமலை. “என் வண்டிக்கும் எல்லாம் ஒண்ணு மாத்தி ஒண்ணு வரும்.”

நவமணி அதைக் காதில் வாங்கவில்லை. அவள் மனத்தில் சன்னாசிக்கு ஏற்கெனவே விலங்கு மாட்டியாகிவிட்டது.

தெலுக் இந்தானில் சாய்ந்த கோபுரத்தைக் கடக்கும்போது பத்துமலை தலையைச் சாய்த்து ஒரு சலாம் வைத்தான். எடைமேடை ஆபீஸ் ஆற்றங்கரை போகும் வழியில் இருந்தது. உள்ளே ஒரு கணினி. அதன் தலையில் விபூதிப் பட்டை, கழுத்தில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த மாலை. அதன் முன்னால், லோரியை ஒற்றைக் கையால் தள்ளக்கூடிய உடம்போடும் ஆட்டுக்குட்டியின் முகத்தோடும் சன்னாசி உட்கார்ந்திருந்தார்.

“நேரா கேக்கிறேன் அண்ணே,” நவமணி நேராகத்தான் கேட்பாள். “நீங்க லீவு போட்ட அன்னைக்கு மட்டும் ஏன் எதுவும் சாகல?”

சன்னாசியின் கண் கலங்கியது. “நானும் அதைத்தான் யோசிக்கிறேன் தங்கச்சி. நான்தானோன்னு எனக்கே ஒரு சந்தேகம்.”

நவமணி திகைத்தாள். குற்றத்தை மறுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறாள், ஒப்புக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறாள். தன்னைத்தானே சந்தேகப்படுகிறவனுக்கு அவளிடம் மருந்தில்லை.

“நாலு மணிக்கு நீங்க எதைத் தொடுவீங்க?”

“எதையும் தொட மாட்டேன். கையைக் கட்டிக்குவேன். இப்பல்லாம் கண்ணையும் மூடிக்கிறேன்.”

“இவரு கொலைகாரன்னா,” பத்துமலை நவமணியின் காதில் முணுமுணுத்தான், “நான் பேராக் சுல்தானோட மெக்கானிக்கு.”

நாலு மணியாகப் போகும்போது டெலிபோன் மணி அடித்தது. சன்னாசி எடுத்தார். மறுமுனையில் ஒரு பெண்குரல் கேட்டது.

“ஆச்சா?”

“ஆச்சு.”

அவ்வளவுதான். வைத்துவிட்டார். கையைக் கட்டினார், கண்ணை மூடினார். திரை ஒரு முறை இமைத்தது. பச்சை எழுத்தில் வரி வந்தது: ‘சன்னாசி கொல்லப்பட்டார்.’

“முருகா,” என்றார் இறந்தவர்.

உடனே மறுபடியும் டெலிபோன். லூமுட்டிலிருந்து மிஸ் லியோங், வாசலில் நின்றபடியே கத்தினாள்: “அங்கள், சயா மத்தி லாகி!” மறுபடியும் செத்துவிட்டாளாம். பின்னால் லோரி டிரைவர்களின் அர்ச்சனை கேட்டது. ஹுசைன் போன் செய்யவில்லை. லகாட்டில் செத்தால் சொல்லிவிட்டுப் போகிற வழக்கம் இல்லை போலும்.

நவமணி தன் கண்ணாலேயே பார்த்தாள். சன்னாசியின் கை அவர் அக்குளை விட்டு அசையவில்லை. அவளுடைய அழகான துப்பு, எலுமிச்சை மாலையோடு சேர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. மூக்குநுனி சிவக்க நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“முதல்ல போன் பண்ணினது யாரு?” சும்மா இருக்கப் பிடிக்காமல்தான் கேட்டாள்.

“வீட்டுல.”

“வேலை நேரத்துல வீட்டுலேர்ந்து என்ன போனு?”

“வீட்டுலேர்ந்து இல்ல தங்கச்சி, ஆபீஸ்லேர்ந்து. வீட்டுக்காரி ஈப்போ ஆபீஸ்லதான இருக்கு. நல்லம்மா. லைனை நிப்பாட்டுறதுக்கு முன்ன வேலை ஆச்சான்னு கேக்கும்.”

பத்துமலை கற்கண்டை விழுங்கிவிட்டான். நவமணி மெதுவாகச் சாலிஹா பக்கம் திரும்பினாள்.

“உனக்குத் தெரியுமா?”

“எல்லாருக்கும் தெரியுமேக்கா.”

“ஏண்டி எங்கிட்டச் சொல்லல?”

“எல்லாருக்கும் தெரிஞ்சதை எதுக்குத் தனியா சொல்லணும்னு…”

“என் வைப்பர் மாச்சம். அதே மாதிரிலா,” என்றான் பத்துமலை.

நவமணி எழுந்துவிட்டாள். மூக்கின் சிவப்பு இப்போது வேறு மாதிரி இருந்தது. “அண்ணே, அக்கா உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவாங்க?”

“அது கூப்பிடவே கூப்பிடாது.”

“சாப்பிட எப்படிக் கூப்பிடுவாங்க?”

“சோறு ஆயிருச்சுன்னு சுவத்தைப் பார்த்துச் சொல்லும். நான் போய் உக்காருவேன்.”

“வீட்டுல வேற ஆளுங்க இருந்தா?”

“எத்தனை பேரு இருந்தாலும், பேரு சொல்லாமச் சொன்னா அது எனக்குத்தான் தங்கச்சி. இத்தனை வருசத்துல ஒரு தடவை கூடத் தப்பினதில்ல.”

“சாலிஹா, உங்கம்மா உங்க அத்தாவை எப்படிக் கூப்பிடுவாங்க?”

“கரண்டியால சட்டியைத் தட்டுவாங்க. எதுக்குக்கா?”

“இப்ப நான் கேக்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லு. ‘கில்’னு வந்ததும், பேரே அடிக்காம, வெறுமையா விட்டு எண்டரைத் தட்டினா என்ன ஆகும்?”

சாலிஹாவின் முகம் மெல்ல மெல்ல வெளுத்தது. பார்த்துக்கொண்டிருந்த சன்னாசி ஒரு நாற்காலியை அவள் பின்னால் தள்ளினார்.

“எல்லாம் நிக்கும்.”

“எல்லாம்னா?”

“மூணும். சோதனை பண்றப்ப ஒவ்வொரு பேரா அடிக்க அலுப்பா இருந்துச்சு. பேரு இல்லாட்டி எல்லாரும்னு எழுதி வச்சேன்.”

“திரையில அது போட்டிருக்கா?”

“கையேட்டுல இருக்குக்கா.”

“திரையில?”

“இல்ல.”

“நிஜமாவா, மூணையும் நிப்பாட்டவான்னு அது ஒரு வார்த்தை கேக்குமா?”

“கேக்காது.” அவள் குரல் இறங்கிவிட்டது. “எனக்குத்தான் தெரியுமேன்னு…”

பத்துமலை கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டான். வயர் மாற்றுகிற சாதியில் தனக்கு ஒரு தங்கை கிடைத்துவிட்ட நிம்மதி அது.

மறுநாள் காலை நவமணி டாக்சியில் ஏறியபோது வைப்பர் விசையில் பிளாஸ்திரி ஒட்டி ‘ஹாரன்’ என்று எழுதியிருந்தது. லைட்டரில் ‘வைப்பர்’. சாலிஹாவின் கையெழுத்து.

“நேத்து இறங்கறப்ப ஒட்டியிருக்கா! இப்ப யாரு வேணும்னாலும் ஓட்டலாம்,” பத்துமலை முணுமுணுத்தான். “திருடனும் ஓட்டலாம்.”

ஆபீஸில் பழனியப்பன் வேலைநீக்கக் கடிதத்தின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். நவமணி நல்லம்மாளையும் சாலிஹாவையும் அந்த அறைக்கே கூட்டி வந்தாள்.

“அக்கா, ‘கில்’ வந்ததும் அவரு பேரை அடிச்சீங்களா?”

நல்லம்மாள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். “எப்படி அடிக்க முடியும்? கொல்லுன்னு ஒரு சொல்லு. அதுக்குப் பக்கத்துல அவங்க பேரு. என் கையால! வெள்ளிக்கிழமையும் அடிக்கணும், சஷ்டியிலயும் அடிக்கணும். கழுத்துல இதை வச்சுக்கிட்டு அடிப்பேனா?”

“சின்னையா பேரை அடிச்சீங்களே?”

“அதுக்கு அவரு பொண்டாட்டி வேண்டிக்குவா.”

“பொழுது சாஞ்சா லியோங் பேரை அடிக்கிறீங்களே?”

“அவளுக்கு வரப்போறவன் பார்த்துக்குவான்.”

“சரிக்கா. பேரு போடாம விட்டா, யாருன்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்?”

நல்லம்மாள் அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். இவ்வளவு படித்தும் இது தெரியவில்லையே என்ற பார்வை. “தெரிஞ்சுதே! ஒரு நாளாவது தப்பினுச்சா? தட்டினதும் அவங்கதான நின்னாங்க?”

“கூடவே மத்த ரெண்டு பேரும் நின்னாங்களே, ஏன்னு யோசிக்கலையா?”

“அவங்களை நான் சொல்லவே இல்லையே!”

அந்த வாதத்தில் ஓட்டை தேடி நவமணி தோற்றுப்போனாள். மேசையைத் தட்டியது பழனியப்பன்தான்.

“எந்தக் காலத்துல இருக்கோம்? எண்பத்தேழுலா! புருஷன் பேரைச் சொல்லாத பொம்பளை இன்னும் உலகத்துல இருக்காளா? இந்தக் கதையைக் கேக்கிறதுக்கு நான் என்ன…”

அவர் மேசை டெலிபோன் அடித்தது. பக்கத்தில் நின்ற பத்துமலை எடுத்துவிட்டான்.

“ஹலோ… ஆமாம்மா, கம்பெனிதான். யாரு வேணும்?… யாரும்மா?… பேரு சொல்லுங்க.” அவன் வாய்ப்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு சுற்றிலும் பார்த்தான். “ஒரு அம்மா பேசறாங்க. ‘அவங்க இருக்காங்களா’ன்னு கேக்கிறாங்க. இந்த ரூம்ல இத்தனை பேரு இருக்கோம். யாருக்குன்னே தெரியலையே முதலாளி?”

பழனியப்பன் எழுந்து, ரிசீவரைப் பிடுங்கி, எல்லோருக்கும் முதுகைக் காட்டினார். “ம்… ம்… ரெண்டு கிலோ… சரி.” வைத்தார். காது மடல் இரண்டும் செம்பனைப் பழமாகக் கனிந்திருந்தன.

பத்துமலை கூரையை அண்ணாந்து பார்த்தான்.

பழனியப்பன் தொண்டையைச் செருமினார். “நான் ஆரம்பத்துலயே சொன்னேன், மெஷினுக்கு ஆளு பேரு சரிப்படாதுன்னு.”

“நீங்க சொன்னது அதுக்கு நேர் எதிர்!” நவமணிக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. “இவ பண்ணினா சதி, நீங்க பண்ணினா உத்தரவா? ஒரு மாசமா குலை கெட்டுப்போனதுக்கு ரெண்டு பேரு காரணம் சார். பேரைக் கட்டினது நீங்க. கொல்லுன்னு எழுதி, வெறுமைன்னா ஊரையே நிப்பாட்டுன்னு ஒளிச்சு வச்சது இவ. இந்த ரூம்ல தப்பே பண்ணாத ஒரே ஆளு, தட்டின ஆளுதான்!”

“ஒளிச்சு வைக்கலக்கா,” என்றாள் சாலிஹா. “கையேட்டுல…”

“கதவுல தள்ளுன்னு எழுதாம வீட்டுப் பத்திரத்துல எழுதி வைப்பியா? அந்தக் கையேட்டை நீ தவிர யாரு படிச்சா?”

சாலிஹா முதலாளியைப் பார்த்தாள். முதலாளி அலமாரிக்குள் எதையோ தேடினார். கையேடு அலமாரிக்கு மேலே இருந்தது, மின்விசிறிக்கு முட்டுக் கொடுத்து.

“சாயங்காலம் நாலு மணிக்குள்ள மாத்தித் தரேன்,” என்றாள் சாலிஹா. “லூமுட்டும் லகாட்டும் உசுரோட இருந்தா அந்தக் கடிதத்தைக் கிழிச்சிருங்க. இல்லாட்டி நானே கல்லாவுக்குப் போயிடறேன்.”

பழனியப்பன் பேனாவை மூடினார். கடிதத்தை மட்டும் மூடவில்லை.

சாலிஹா நல்லம்மாளுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். முதல் முறையாக, தான் எழுதியதைக் காட்டாமல், அவளிடம் கேட்டுக் கேட்டு எழுதினாள். ஆள் பெயர் போயிற்று. திரையில் ஊர்ப் பெயர்கள் வந்தன, ஒன்றின் கீழ் ஒன்றாக, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். லூமுட் ஒன்று, லகாட் இரண்டு, தெலுக் இந்தான் மூன்று. எண்ணை அமுக்கினால் அந்த ஊர் மட்டும் பளிச்சென்று எரிந்து, ‘இதுவா?’ என்று கேட்கும். வெறுமையாகத் தட்டினால் கணினி ஒன்றும் செய்யாமல் ‘யாரை?’ என்று திருப்பிக் கேட்கும்.

“எங்க வீட்டுல அப்படித் திருப்பிக் கேட்டா அடி விழும்,” என்றான் பத்துமலை.

அந்த ‘கில்’தான் நகரமாட்டேன் என்றது.

“கட்னு போடலாமாக்கா?”

“வெட்டறதா?” நல்லம்மாள் கையை உதறினாள். “வேண்டாம்.”

“எண்ட்?”

“முடிவா? ஐயோ!”

“குட்பை?”

“அது திரும்பி வராதவங்களுக்குச் சொல்றது. சினிமாவுல பார்த்திருக்கேன்.”

சாலிஹா தலையைப் பிடித்துக்கொண்டாள். சுவர்க் கடிகாரம் மூன்றரையைத் தாண்டிக்கொண்டிருந்தது. அறை வாசலில் பழனியப்பன் கடிதத்தால் விசிறிக்கொண்டு நடந்தார்.

“அக்கா,” என்றாள் நவமணி. “சனிக்கிழமை அவரு வீட்டுக்கு வந்துட்டு, ஞாயித்துக்கிழமை பஸ் ஏறப் போறப்ப என்ன சொல்வீங்க?”

“என்னத்தைச் சொல்றது? எல்லாரும் சொல்றதுதான்.” நல்லம்மாள் தரையைப் பார்த்தாள். “போயிட்டு வாங்கன்னு.”

சாலிஹாவின் விரல்கள் ஒரு நொடி நின்றன. பிறகு படபடவென்று ஓடின. அந்தக் கணினிக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஆங்கில எழுத்தில் அந்தத் தமிழையே அடித்தாள்.

நாலு மணி.

நல்லம்மாள் டெலிபோனில் “ஆச்சா?” என்றாள். பதில் வந்திருக்க வேண்டும், வைத்தாள். மூன்றை அமுக்கினாள். தெலுக் இந்தான் மட்டும் எரிந்து, ‘இதுவா?’ என்றது. நல்லம்மாள் தாலிக்கயிற்றைத் தொட்டுக்கொண்டு எண்டரைத் தட்டினாள்.

தெலுக் இந்தான் அணைந்தது. லூமுட் எரிந்துகொண்டிருந்தது. லகாட் எரிந்துகொண்டிருந்தது. லூமுட்டிலிருந்து ஒரு லோரியின் எடை வந்து விழுந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று.

டெலிபோன் அடித்தது. சாலிஹா பாய்ந்து எடுத்தாள். மிஸ் லியோங். வாசலில் நிற்கிறாளாம். எடையை லோரி டிரைவரே உட்கார்ந்து அடித்துக்கொண்டிருக்கிறானாம். இன்னும் சாகவில்லையே, உள்ளே போகலாமா, கூடாதா?

“மாசோக் லா!” உள்ளே போகச் சொன்னாள் சாலிஹா. “இனிமே சாவே கெடையாது!”

பின்னால் கிழிகிற சத்தம் கேட்டது. பழனியப்பன் கடிதத்தை நான்காகக் கிழித்து, “நான்தான் சொன்னேனே,” என்றபடி போய்விட்டார். என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

“கிளம்பலாம் பாஸ்,” என்றான் பத்துமலை. “துப்புத் துலங்கிருச்சு. கொலைகாரிக்குத் தண்டனை என்ன?”

நவமணி பதில் சொல்லுமுன் டெலிபோன் மறுபடி அடித்தது. இம்முறை நல்லம்மாள் எடுத்தாள். அந்தச் சிறிய அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி, சன்னாசியின் பெரிய குரல் தயங்கித் தயங்கி வந்தது.

“நல்லம்மா… இங்க திரையில ‘போயிட்டு வாங்க’ன்னு வந்துச்சே. நீயா சொன்ன?”

நல்லம்மாளின் முகம் குங்குமத்தோடு குங்குமமாகிவிட்டது. சட்டென்று நாற்காலியைத் திருப்பி, ஆள் ஒருவரும் இல்லாத பக்கமாகப் பார்த்துக்கொண்டாள்.

“சனிக்கிழமை மீன் வாங்கி வைக்கிறேன்,” என்றாள் சுவரிடம்.